விட்டி லெவு வெள்ளப்பெருக்குகள்

விட்டி லெவு வெள்ளப்பெருக்குகள் என்பது தென் பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள பிஜி நாட்டின் மிகப்பெரிய தீவான விட்டி லெவுவில், குறிப்பாக அதன் மேற்குப் பகுதியில், மீண்டும் மீண்டும் ஏற்படும் கடும் வெள்ளங்களைக் குறிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மழைக்காலத்தில் சூறாவளிகளாலும் வெப்பமண்டலத் தாழமுக்கங்களாலும் இவை உண்டாகின்றன. நாண்டி, பா, சிங்கடோக்கா, ரேவா ஆகிய நான்கு ஆறுகளின் கரைகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. 1931, 1993, 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட வெள்ளங்கள் பேரழிவை உண்டாக்கியவை. கரும்புப் பயிர்ச்செய்கை, சுற்றுலா ஆகிய இரண்டும் இத்தீவின் மேற்குப் பகுதியிலேயே குவிந்திருப்பதால், இங்கு ஏற்படும் ஒவ்வொரு வெள்ளமும் நாடு முழுவதன் பொருளாதாரத்தையும் பாதிக்கின்றது.

பெயர்களின் ஒலிப்பு

பிஜி மொழியை உரோம எழுத்துக்களில் எழுதும் முறை ஆங்கில முறையிலிருந்து வேறுபட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வகுத்த இம்முறையில் ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்தே பயன்படுகின்றது. டகர எழுத்து 'ண்ட' எனவும், பகர எழுத்து 'ம்ப' எனவும், ககர எழுத்து 'ங்' எனவும் மூக்கொலி சேர்ந்தே ஒலிக்கும். இதனால் 'நாடி' என எழுதப்படும் நகரின் பெயர் நாண்டி என்றும், 'சிகடோக்கா' என எழுதப்படுவது சிங்கடோக்கா என்றும் ஒலிக்கப்படுகின்றன. 'பா' என்பது உண்மையில் 'ம்பா' என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். 'விட்டி லெவு' என்பதற்குப் பெரிய பிஜி என்று பொருள்.

புவியியல் பின்னணி

பிஜி 300-இற்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. மொத்தப் பரப்பளவு சுமார் 18,270 சதுர கிலோமீட்டர். இதில் பாதிக்கும் மேலான நிலம், அதாவது ஏறத்தாழ 10,400 சதுர கிலோமீட்டர், விட்டி லெவுவில் உள்ளது. 2017 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 8,84,887. இவர்களில் பெரும்பான்மையோர் இத்தீவிலேயே வாழ்கின்றனர்.

விட்டி லெவு எரிமலைப் பாறைகளால் ஆன மலைத் தீவு. நடுவே உள்ள மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான தொமானிவி 1,324 மீட்டர் உயரமுடையது. ஆண்டின் பெரும்பகுதியில் வீசும் தென்கிழக்குத் தடக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் கிழக்குச் சரிவில் மழையைப் பொழிகின்றது. கிழக்குக் கரையில் உள்ள தலைநகர் சுவாவில் ஆண்டு மழைவீழ்ச்சி சுமார் 3,000 மில்லிமீட்டர். மலைக்கு மறுபுறம் மழைமறைவுப் பகுதியில் உள்ள நாண்டியில் இது 2,000 மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஆண்டு மழை குறைவான மேற்குப் பகுதியே வெள்ளத்தால் அதிகம் பேசப்படுவது முரணாகத் தோன்றலாம். மேற்கில் மழையின் பெரும்பங்கு சில மாதங்களிலேயே பெய்து விடுகின்றது என்பதே இதன் காரணம். சூறாவளியோ தாழமுக்கமோ நெருங்கும்போது தடக்காற்றின் ஒழுங்கு குலைந்து, மலையின் மறைவு பயனற்றுப் போகின்றது. பல வாரங்களில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாட்களில் கொட்டி விடும். வறண்ட பருவத்தில் புல்லும் கரும்பும் மட்டுமே நிற்கும் சரிவுகள் அந்த நீரைப் பிடித்து வைக்கும் நிலையில் இருப்பதில்லை.

வெள்ளம் உண்டாகும் முறை

வானிலைக் காரணிகள்

தென் பசிபிக் பகுதியில், பப்புவா நியூ கினிக்கு அருகிலிருந்து தென்கிழக்காக நீளும் முகில் பட்டை ஒன்று உண்டு. இது தென் பசிபிக் ஒருங்கல் வலயம் எனப்படும். இரு வேறு திசைகளிலிருந்து வரும் காற்றுகள் இங்கே சந்தித்து மேலெழுவதால் இடைவிடாத மழை உண்டாகின்றது. மழைக்காலத்தில் இவ்வலயம் பிஜிக்கு அருகில் அமையும்.

எல் நீனோ நிலை நிலவும்போது இவ்வலயம் வடகிழக்காக விலகிச் செல்வதால் பிஜியில் வறட்சி ஏற்படும். லா நீனா நிலையில் அது தென்மேற்காக நகர்ந்து பிஜியின் மேல் நிலைகொள்ளும். 2008-2009, 2011-2012 ஆகிய இரு மழைக்காலங்களும் லா நீனாக் காலங்களாகவே இருந்தன.

வெள்ளம் உண்டாவதற்குப் பெயர் சூட்டப்பட்ட பெரும் சூறாவளி தேவையில்லை. 2009, 2012 ஆம் ஆண்டு வெள்ளங்கள் பெரும்பாலும் சூறாவளியாக வலுப்பெறாத தாழமுக்கங்களால் உண்டானவை. காற்று வலுக் குறைந்து, ஒரே இடத்தில் நாட்கணக்கில் நிற்கும் தாழமுக்கம், விரைந்து கடந்து செல்லும் சூறாவளியை விட அதிக மழையைத் தரக்கூடும். காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு ஆபத்தை அளவிடும் மக்கள், 'இது சூறாவளி அல்ல' என்ற அறிவிப்பைக் கேட்டுக் கவலையின்றி இருந்துவிடும் அபாயம் இதனால் ஏற்படுகின்றது.

பிஜியின் வானிலை அவதான நிலையம் நாண்டியில் அமைந்துள்ளது. தென் பசிபிக்கின் பெரும் பரப்பில் தோன்றும் சூறாவளிகளுக்குப் பெயரிடும் பொறுப்பும் இந்நிலையத்தையே சார்ந்தது.

நிலமும் ஆறும்

விட்டி லெவுவின் ஆறுகள் குறுகியவை. செங்குத்தான மலையிலிருந்து இறங்கித் திடீரெனச் சமதரையை அடைபவை. மலையில் பெய்த மழைநீர் சில மணி நேரத்திலேயே கடலோர நகரங்களை வந்தடைகின்றது. இதனால் எச்சரிக்கை விடுப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

சமதரையை அடைந்ததும் நீரோட்டத்தின் வேகம் குறைந்து, அது சுமந்து வந்த வண்டல் ஆற்றுப்படுகையில் படிகின்றது. நாண்டி ஆறு கடலை அடையும் முன் பலமுறை வளைந்து நெளிந்து செல்கின்றது. இவ்வளைவுகள் நீர் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. கடலில் உயர் ஓதம் ஏற்படும் நேரத்தில் வெள்ளம் கழிமுகத்தை அடைந்தால், கடல் நீர் ஆற்று நீரை எதிர்த்து நிற்பதால் வெள்ளம் பின்னோக்கித் தேங்கும். நாண்டி, பா ஆகிய இரு நகரங்களும் ஆற்றங்கரையில் தாழ்வான வெள்ளச் சமவெளியின் மேல் கட்டப்பட்டவை.

மனித நடவடிக்கைகள்

மேற்குச் சரிவுகளின் பெரும்பகுதி இன்று தலசிங்கா எனப்படும் புல்வெளியாகக் காணப்படுகின்றது. பிஜி மொழியில் இச்சொல்லுக்கு வெயிலில் காய்ந்த நிலம் என்று பொருள். பல தலைமுறைகளாகக் காடுகள் எரிக்கப்பட்டதன் விளைவாக இப்புல்வெளி பரவியது. வறண்ட பருவத்தில் இன்றும் இது அடிக்கடி தீப்பற்றி எரிகின்றது. மரமற்ற சரிவிலிருந்து மண் எளிதில் அரித்துச் செல்லப்படுகின்றது.

கரும்பு முதலில் சமவெளியிலேயே பயிரிடப்பட்டது. பின்னர் நிலத் தேவை பெருகியபோது சரிவுகளுக்கும் பரவியது. 1973 வரை பிஜியின் சர்க்கரைத் தொழிலை நடத்தி வந்த ஆஸ்திரேலிய நிறுவனமான கொலோனியல் சர்க்கரை சுத்திகரிப்பு நிறுவனம், 1950களில் சரிவுக் கரும்புத் தோட்டங்களில் வெட்டிவேர்ப் புல்லைச் சம உயரக் கோடுகளில் வேலியாக நடச் செய்தது. அடர்த்தியாக வளரும் இப்புல் ஓடும் நீரை மெதுவாகக் கசிய விட்டு, மண்ணைத் தடுத்து நிறுத்தியது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேலியின் மேற்புறம் மண் படிந்து, சரிவு தானாகவே படிக்கட்டு வயலாக மாறியது. பின்னாளில் உலகின் பல நாடுகளில் பரவிய வெட்டிவேர் மண்காப்பு முறைக்கு இது முன்னோடியாக விளங்கியது. இப்புல்லின் அனைத்துலகப் பெயரான 'வெட்டிவர்' என்பது தமிழ்ச் சொல்லான வெட்டிவேரிலிருந்து வந்ததே. நிறுவனம் வெளியேறிய பின்னர் இவ்வேலிகளைப் பேணும் வழக்கம் பல இடங்களில் தளர்ந்தது.

கழிமுகங்களில் உள்ள கண்டல் காடுகள் குடியிருப்புக்காகவும் சுற்றுலா விடுதிகளுக்காகவும் அழிக்கப்பட்டமை மற்றொரு காரணமாகக் கூறப்படுகின்றது. நாண்டி நகருக்கு மேற்கே உள்ள தெனராவு விடுதிப் பகுதி கண்டல் சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கப்பட்டது. நீர் வெளியேறும் வழி இதனால் குறுகியது என்று அயலில் உள்ளோரிற் சிலர் கருதுகின்றனர். எனினும் வெள்ளத்திற்குத் தனி ஒரு காரணத்தைச் சுட்ட இயலாது. மேலே கூறப்பட்ட அனைத்தும் சேர்ந்தே சேதத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

ஆற்றங்கரைக் குடியேற்றங்கள்

பிஜியின் பழங்குடி மக்கள் வெள்ளத்தை அறிந்தே வீடு கட்டினர். அவர்களது மரபுவழி வீடுகள் யாவு எனப்படும் உயர்ந்த மண்மேட்டின் மீது அமைந்தன. மேட்டின் உயரம் வீட்டாரின் தகுதியையும் காட்டியது. புயலுக்குப் பிந்திய பஞ்சத்தை எதிர்கொள்ள, ஈரப்பலா போன்றவற்றை இலை பரப்பிய குழிகளில் இட்டுப் புளிக்கவைத்துச் சேமிக்கும் வழக்கமும் இருந்தது.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் நிலைமை மாறியது. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தியாவிலிருந்து சுமார் 60,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' எனத் திரிந்து, அக்காலத்திற்கே பெயராயிற்று. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. மொத்தத் தொழிலாளர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் இவ்வாறு வந்த தென்னிந்தியர்; தமிழர், தெலுங்கர், மலையாளிகள் இவர்களுள் அடங்குவர். ஒப்பந்தம் முடிந்த பின்னர் பெரும்பாலோர் அங்கேயே தங்கி, சர்க்கரை ஆலைகளைச் சுற்றிய சமவெளிகளில் சிறு குத்தகை விவசாயிகளாயினர். நாண்டியில் 1926 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், இம்மக்களின் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்தி வருகின்றது. நாண்டியில் உள்ள சிறீ சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இச்சங்கத்தின் முதன்மையான கோயிலாகும்.

பிஜியின் நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பழங்குடிக் குலங்களுக்குப் பொதுவுடைமையானது. அதை விற்க முடியாது. கரும்பு விவசாயிகள் அதைக் குத்தகைக்கே பெறுகின்றனர். 30 ஆண்டுக் குத்தகைகள் 1997 முதல் முடிவடையத் தொடங்கின. புதுப்பிக்கப்படாத குத்தகையாளர்களில் பலர் நகர ஓரங்களில், யாரும் விரும்பாத தாழ்நிலங்களில், குடிசை அமைத்துத் தங்கினர். வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்த பழங்குடி மக்களும் இவ்வாறே குடியேறினர். இதனால் வெள்ளம் முதலில் நுழையும் இடங்களில் வறியோர் தொகை பெருகியது.

வரலாற்றில் பெரு வெள்ளங்கள்

1931

1931 பெப்ரவரியில் வீசிய சூறாவளியால் பா ஆறு பெருக்கெடுத்து, 200-இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிஜியின் வரலாற்றில் வெள்ளத்தால் மிகுந்த உயிரிழப்பு ஏற்பட்ட நிகழ்வுகளில் இது முதன்மையானது. பிற்கால வெள்ளங்கள் யாவும் இதனுடனேயே ஒப்பிடப்படுகின்றன.

1993

1993 ஜனவரியில் கினா சூறாவளி பிஜியைக் கடந்தது. 23 பேர் இறந்தனர். பா, சிங்கடோக்கா ஆகிய ஆறுகளின் மீதிருந்த முக்கிய பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தீவைச் சுற்றிச் செல்லும் ஒரே நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டதால் நகரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நின்றன.

2009

2009 ஜனவரி இரண்டாம் வாரத்தில் அடுத்தடுத்து வந்த தாழமுக்கங்களால் விட்டி லெவுவின் மேற்கிலும் வடக்கிலும் பல நாட்கள் தொடர்ந்து மழை பெய்தது. நாண்டி நகர மையத்தில் சில இடங்களில் சுமார் 3 மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றது. ஜனவரி 11 முழுநிலவு நாள். நிலவு புவிக்கு மிக அருகில் வந்திருந்ததும் அவ்வேளையிலேயே. இத்தகைய நாட்களில் கடலின் ஓதம் வழக்கத்தை விட உயரும். குறைந்தது 11 பேர் உயிரிழந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் பள்ளிகளில் திறக்கப்பட்ட புகலிடங்களில் தங்கினர். அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்க நகரங்களில் இரவு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. 1931-இற்குப் பின்னர் ஏற்பட்ட மிக மோசமான வெள்ளமாக இது கருதப்பட்டது.

2012

2012 ஆம் ஆண்டில் இரண்டு பெரு வெள்ளங்கள் ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளியில் ஏற்பட்டன. முதலாவது ஜனவரி இறுதியிலும், இரண்டாவது மார்ச் இறுதியிலும் வந்தன. முதல் வெள்ளத்திற்குப் பின்னர் கடனுக்குப் பொருள் வாங்கிக் கடை திறந்த நாண்டி வணிகர்கள் பலர், மார்ச் மாதத்தில் அப்பொருளையும் இழந்தனர். இரண்டாம் வெள்ளத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் புகலிடங்களுக்குச் சென்றனர். சாலைகள் மூழ்கியதால் சுற்றுலாப் பயணிகள் விடுதிகளிலும் விமான நிலையத்திலும் சிக்கிக்கொண்டனர். இரு வெள்ளங்களிலும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஜனவரி வெள்ளத்தின்போது, பா மலைப்பகுதியில் உள்ள துக்குராக்கி என்னும் சிற்றூரில் மண்சரிவு ஏற்பட்டது. இளம் கணவன், மனைவி, அவர்களின் இரு குழந்தைகள் என நால்வர் மண்ணில் புதைந்து இறந்தனர். எஞ்சிய ஊரார் தற்காலிகக் குடில்களில் தங்கினர். அதே ஆண்டு டிசம்பரில் இவான் சூறாவளியும், 2016 பெப்ரவரியில் வின்ஸ்டன் சூறாவளியும் அவர்களை மீண்டும் தாக்கின. 2017-இல்தான் வேறோர் இடத்தில் அவ்வூர் முழுமையாக மீள நிறுவப்பட்டது.

பிந்திய நிகழ்வுகள்

2018 ஏப்ரல் தொடக்கத்தில், உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது, ஜோசி சூறாவளி தீவின் மேற்கே கடந்தது. பா, நாண்டி நகரங்கள் மூழ்கின. பலர் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் கெனி சூறாவளியும் வந்தது. 2022 ஜனவரியில் கோடி சூறாவளியாக வலுப்பெற்ற தாழமுக்கத்தினாலும் நாண்டியில் வெள்ளம் ஏற்பட்டது.

விளைவுகள்

உடல்நலம்

வெள்ள நீர் வடிந்த பின்னரே சில ஆபத்துகள் தொடங்குகின்றன. 2012 வெள்ளங்களுக்குப் பின்னர் பிஜியில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. 576 பேர் நோயுற்றதாகவும், 40 பேர் இறந்ததாகவும் பதிவாகியது. அதாவது, நீரில் மூழ்கி இறந்தோரை விட இந்நோயால் இறந்தோர் அதிகம்.

இந்நோயை உண்டாக்குவது லெப்டோசுபைரா என்னும் நுண்ணுயிர். இது எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீருடன் வெளியேறி, ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல வாரங்கள் உயிர்வாழ வல்லது. காலில் உள்ள சிறு வெடிப்பு அல்லது காயத்தின் வழியாக மனித உடலினுள் நுழையும். வெள்ளத்திற்குப் பின் வீட்டிலிருந்து சேற்றை அள்ளுவோரும், வயலுக்குத் திரும்பும் உழவரும் எளிதில் தொற்றுக்கு ஆளாகின்றனர். தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி ஆகியன தோன்றும். இவை சாதாரணச் சளிக்காய்ச்சல் அல்லது டெங்கு போலத் தோன்றுவதால் நோயாளி மருத்துவமனைக்குப் பிந்திச் செல்கின்றார். கவனிக்காது விட்டால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியன பாதிக்கப்படும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளால் குணப்படுத்தலாம்.

குடிநீர்க் குழாய்கள் உடைவதாலும் கழிவுநீர் கலப்பதாலும் குடற்காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியனவும் பரவக்கூடும்.

கரும்பு விவசாயம்

பிஜியில் கரும்பு அறுவடை பொதுவாக ஜூன் முதல் ஆண்டிறுதி வரை நடைபெறும். வெள்ளம் வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் வயலில் இளம் கரும்பும் மறுதாம்புக் கரும்பும் நிற்கும். நீர் ஓரிரு நாளில் வடிந்தால் கரும்பு பிழைத்துக்கொள்ளும். வடிகால்கள் வண்டலால் அடைபட்டு நீர் தேங்கினால் வேர் அழுகும். 2009 வெள்ளத்தால் கரும்புப் பகுதிக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 2 கோடியே 40 இலட்சம் பிஜி டாலர் என மதிப்பிடப்பட்டது. பயிர் இழப்புடன், வீட்டுப் பொருள்கள், கால்நடைகள், கரும்பை ஆலைக்குக் கொண்டு செல்லும் சிறு இரயில் பாதைகள் ஆகியவற்றின் சேதமும் இதில் அடங்கும்.

இவ்வெள்ளம் மிக இடரான காலத்தில் வந்தது. 1975 முதல் ஐரோப்பியச் சந்தையில் பிஜி சர்க்கரைக்குக் கிடைத்து வந்த சலுகை விலை 2006 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வந்தது. 2009 ஏப்ரலில் பிஜி டாலரின் மதிப்பு 20 விழுக்காடு குறைக்கப்பட்டதால், வெளிநாட்டிலிருந்து வரும் உரம், மருந்து, உணவு ஆகியவற்றின் விலை உயர்ந்தது. வெள்ளத்தால் கடனாளியான விவசாயிக்கு மீண்டும் கரும்பு நடுவதா, குத்தகையைக் கைவிட்டு நகருக்குச் செல்வதா என்ற கேள்வி எழுந்தது. பலர் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர்.

தேசியப் பொருளாதாரம்

2017-இல் பிஜி அரசும் உலக வங்கியும் இணைந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சூறாவளிகளாலும் வெள்ளங்களாலும் ஏற்படும் சொத்திழப்பு சராசரியாக ஆண்டுக்கு 50 கோடி பிஜி டாலருக்கும் அதிகம். இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டை விடக் கூடுதலாகும். இதனால் சராசரியாக ஆண்டுதோறும் 25,700 பேர் வறுமைக்குள் தள்ளப்படுவதாகவும் அம்மதிப்பீடு தெரிவித்தது.

தடுப்பு நடவடிக்கைகளும் விவாதங்களும்

1998-இல் இயற்கை அனர்த்த மேலாண்மைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தேசிய அனர்த்த மேலாண்மை அலுவலகம் எச்சரிக்கை, மீட்பு, நிவாரணம் ஆகியவற்றை ஒருங்கிணைக்கின்றது. மழைக்காலத்தில் பெருக்கெடுத்த ஆறுகளையும், நீரில் மூழ்கிய தரைப்பாலங்களையும் கடக்க வேண்டாம் என வானொலி மூலமாகத் தொடர்ந்து எச்சரிக்கப்படுகின்றது. முழங்கால் அளவு நீரும் வேகமாக ஓடும்போது ஒருவரைச் சாய்த்துவிடும். பாலத்தின் தளம் ஏற்கனவே அரிக்கப்பட்டிருப்பதும் கலங்கிய நீரில் தெரியாது.

நிரந்தரத் தீர்வு குறித்து மூன்று வகையான கருத்துகள் நிலவுகின்றன.

முதலாவது, ஆற்றைத் திருத்துதல். ஆற்றுப்படுகையைத் தூர்வாருதல், அகலப்படுத்துதல், கரைகளை உயர்த்துதல், வெள்ள நீரைத் தற்காலிகமாகத் தேக்கும் குளங்களை அமைத்தல் ஆகியன இதில் அடங்கும். ஜப்பானின் உதவியுடன் நாண்டி ஆற்றுக்கு இத்தகைய திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குப் பெரும் பணம் தேவைப்படுகின்றது. தூர்வாரிய படுகையும் மேலிருந்து வரும் வண்டல் நிற்காத வரையில் சில ஆண்டுகளில் மீண்டும் மேடாகிவிடும்.

இரண்டாவது, மலையைத் திருத்துதல். 2012 வெள்ளங்களின் பின்னர் பா ஆற்றுப் படுகையில் நடத்தப்பட்டு, 2016-இல் வெளியான ஆய்வொன்று இரு முறைகளையும் ஒப்பிட்டது. ஆற்றங்கரையில் மரம், புல் ஆகியவற்றை நட்டுப் பேணுவதே செலவுக்கு ஏற்ற மிகுந்த பயனைத் தரும் என்றும், மேட்டுநிலங்களில் காடு வளர்ப்பது மொத்தத்தில் மிகப் பெரிய பயனைத் தரும் என்றும் அது கண்டறிந்தது. எனினும் மரங்கள் வளரப் பல ஆண்டுகள் ஆகும். மலையில் உள்ளோர் நிலத்தை விட்டுக்கொடுக்க, பயனைப் பெறுவோர் கீழே நகரில் இருப்பர். இதற்கு யார் ஈடு கொடுப்பது என்பதே இம்முறையின் சிக்கல்.

மூன்றாவது, மக்களை இடம்பெயர்த்தல். நாண்டி நகர மையத்தையே மேட்டுநிலத்திற்கு மாற்றலாம் என்ற கருத்து பெரு வெள்ளங்களின் பின்னர் எழுப்பப்பட்டது. நகருக்கும் விமான நிலையத்திற்கும் இடையே உள்ள மார்ட்டின்டார், நமக்கா பகுதிகளில் வணிகம் ஏற்கனவே வளர்ந்து வருகின்றது. ஆனால் பழைய நகரில் சொந்தக் கட்டடம் வைத்திருப்போர், அதன் மதிப்பு வீழ்ந்துவிடும் என அஞ்சுகின்றனர். குத்தகை நிலத்தில் இருப்போருக்கு மேட்டுநிலத்தில் இடம் கிடைப்பதும் எளிதன்று. பழங்குடி ஊர்களைப் பொறுத்தவரை, முன்னோர் புதைக்கப்பட்ட இடத்தை விட்டுச் செல்வது பெரும் துயரமாகும். வனுவா லெவு தீவில் கடல்நீர் புகுந்ததால் 2014-இல் மேட்டுநிலத்திற்கு மாற்றப்பட்ட வுனிதோங்கோலோவா, நாட்டில் இவ்வாறு முழுமையாக இடம்பெயர்ந்த முதல் ஊராகும்.

காலநிலை மாற்றம்

வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது வளிமண்டலம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். இதனால் ஒரே வலுவுடைய தாழமுக்கமும் முன்பை விட அதிக மழையைத் தரக்கூடும். கடல்மட்டம் உயர்வதால் ஆற்று நீர் கடலில் கலப்பதும் கடினமாகும். உலகின் பைங்குடில் வளிம வெளியேற்றத்தில் பிஜியின் பங்கு மிகச் சிறியது. எனினும் அதன் விளைவுகளை முதலில் சந்திக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. 2017-இல் ஜெர்மனியின் பான் நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாட்டிற்குப் பிஜி தலைமை வகித்தது. சிறு தீவு நாடொன்று இம்மாநாட்டிற்குத் தலைமை வகித்தது அதுவே முதன்முறை.

இவற்றையும் பார்க்க

பிஜி
விட்டி லெவு
நாண்டி
தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்
வெட்டிவேர்
எலிக்காய்ச்சல்
லா நீனா

பகுப்புகள்: பிஜி | வெள்ளப்பெருக்குகள் | இயற்கை அனர்த்தங்கள் | பசிபிக் தீவுகள்